கயிறு பிடித்தவனுக்குக் கறி

எனக்கு ஊசி என்றால் பயம். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, கந்தோரில் பத்துப் பேர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுதான் லீவு கேட்கவேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற பிள்ளை என் கையைத் தொட்டவுடன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேதீச்சரத்தானைக் கூப்பிடத் தொடங்கிவிடுவேன். ஒருமுறை சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

மாரி தொடங்கிய நேரத்தில் ஒரு கிளினிக் நாள். டொக்டர் மலைநாட்டுப் பக்கத்துப் பிள்ளை, வயதில் என் மூத்த மகளுக்குச் சரி. என் கிளினிக் கொப்பியை விரித்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கொப்பியைப் பார்த்தார்.

"வெறும் வயித்துல இருநூத்திப் பதினெட்டு. என்னதான் சாப்பிடுறீங்க?"

"பெரிசா ஒண்டுமில்லை, டொக்டர்."

பக்கத்தில் இருந்த என் மனைவி தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலின் அர்த்தம் எனக்குத் தெரியும், கலியாணமான வருடத்திலிருந்து கேட்டுவருகிறேன்.

உண்மையைச் சொன்னால், காலையில் பாணும் மாஜரினும். பத்து மணிக்குக் கந்தோர்க் கன்ரீனில் இரண்டு மிதிவெடி. பயப்படவேண்டாம், முட்டையும் சொசேஜும் வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நிலத்தில் புதைத்ததை ஒரு பக்கம் தோண்டி எடுத்தார்கள், கன்ரீன்காரன் மறுபக்கம் பொரித்து அடுக்கினான். மத்தியானம் வெள்ளையரிசிச் சோறும் ரின்மீன் குழம்பும். பின்னேரம் சீனி போட்ட பால்தேத்தண்ணியோடு கிறீம் கிறாக்கர், இரவு நேரமில்லாவிட்டால் நூடில்ஸ். நேரம் எங்கள் வீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை.

டொக்டர் கொப்பியில் எழுதிக்கொண்டே சொன்னார். "சிவப்பரிசி. பச்சைமீன், சின்ன மீன்னா இன்னும் நல்லது. இலைக்கறி. டின்னு, பாக்கெட்டு, பொரிச்சது ஒண்ணும் வேணாம். உடம்பைக் கொஞ்சம் அசைக்கணும். மூணு மாசம் தாறேன். இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்." பிறகு சிரித்துக்கொண்டு ஒரு வசனம் சேர்த்தார். "சுத்தி வரக் கடல் இருக்கு. உங்களுக்கு மீனுக்கு என்ன குறை?"

நான் தலையாட்டினேன். ஊசி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

வெறும் ஊசிப் பயம் மட்டுமல்ல அது. என் அப்பாவுக்கும் சீனி வருத்தம்தான். அவருக்கு முதலில் மாத்திரை, பிறகு ஊசி, பிறகு கால் பெருவிரல், பிறகு பாதம். அந்த வரிசை என் மனதில் அப்படியே பதிந்து கிடக்கிறது. ஊசி தொடங்கினால் அடுத்தது விரல் என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். டொக்டரிடம் கேட்டால் அப்படியில்லை என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கத்தான் எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி என் இரண்டு பெருவிரல்களையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே பச்சைமீன் வாங்கப் போனேன். மன்னார்ச் சந்தையில் மீன் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. விளைமீன் ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. விலையைக் கேட்டேன். அதே காசுக்கு ஒரு கிழமைக்குப் போதுமான நூடில்ஸும் நாலு ரின்மீனும் வாங்கலாம். "ஏன் ராசா இந்த விலை?" என்று கேட்டேன். "நல்லதெல்லாம் விடியமுன்னமே கூலர் லொறியில ஏறிக் கொழும்புக்குப் போட்டுது, சேர். மிஞ்சினதுக்குத்தான் இந்த விலை," என்றான் வியாபாரி. இறாலையும் நண்டையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவை பிறக்கும்போதே வெளிநாட்டு விசாவோடு பிறக்கின்றன.

சரி, மீன்தான் கைக்கு எட்டவில்லை, அரிசியையாவது பிடிப்போம் என்று குளிரூட்டிய பெரிய கடைக்குப் போனேன். சிவப்பரிசி இருந்தது, அழகான பையில், தலைப்பாகை கட்டிய ஒரு கமக்காரனின் படத்தோடு. அந்த மனிதன் ஏன் சிரிக்கிறான் என்பது விலையைப் பார்த்ததும் விளங்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது. நான் உயிலங்குளத்தான். எங்கள் குடும்பத்துக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் இருக்கிறது, அண்ணன்தான் செய்கிறார். சிவப்பரிசியைப் படம் பார்த்து வாங்கவேண்டிய விதி எனக்கில்லை என்று மோட்டார்சைக்கிளை நேரே ஊருக்கு விட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அண்ணி எனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். வெள்ளையரிசிச் சோறு, சோயாமீற் கறி, அப்பளம். யன்னலால் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்.

"அண்ணை, வயலுக்கு நடுவில இருந்துகொண்டு கடையரிசி தின்னிறியளே, வெக்கமில்லையோ?" என்றேன்.

"போன போகம் அறுக்கிற மிசினால விழுந்த ஈரநெல்லை வரம்பில வைச்சே லொறிக்காரன் ஏத்திப்போட்டான். பயிர்மருந்துக் கடைக்காரனும் மிசின்காரனும் காசுக்கு வந்து நிக்கிற நேரத்தில ஒரு மூட்டையை ஒதுக்கி, அவிச்சு, காயவைச்சு, மில்லுக்கு இழுத்துக்கொண்டு போக ஆரடா இருக்கு? நீ வருவியோ?"

நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

"அப்ப வாயை மூடிக்கொண்டு தின்," என்றார் அண்ணன். நான் தின்றேன். சோயாமீற் நல்ல உருசியாகவும் இருந்தது, அதுதான் பெரிய கொடுமை.

ஆக முதல் மூன்று கிழமை இப்படியே போயிற்று. மனைவி குரக்கன் பிட்டு அவிக்கத் தொடங்கினாள், வேலியில் நின்ற முருங்கையை மொட்டையடித்தாள். மீன் மட்டும் ரின்னுக்குள்ளேயே இருந்தது. கைவிரலில் குத்திப் பார்க்கும் சின்ன மிசினில் இலக்கம் அசைய மறுத்தது.

அப்போதுதான் எங்கள் கந்தோர்ப் பியோன் எனக்கு ஒரு தந்திரம் சொன்னான். அவன் மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரைச் சேர்ந்தவன். வாடைக் காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், கரைவலை போடுவார்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக இறக்கிவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுத்து ஏற்றுவார்கள்.

"சேர், ஏன் காசு குடுத்து வாங்கிறியள்? கயிறு பிடிச்சவனுக்குக் கறி. அது எங்கட வழக்கம். ஆர் எவர் எண்டு கேக்கமாட்டினம். கயிற்றில கையை வைச்சால் கறிக்கு மீன் தரவேணும்."

"கூலி வேண்டாமெண்டாலுமோ?"

"கூலி கூலிக்காரருக்கு. கறி எல்லாருக்கும்."

நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. டொக்டர் உடம்பை அசைக்கவும் சொன்னவர்தானே? ஒரே கயிற்றில் இரண்டு மாங்காய்.

அடுத்த நாள் விடியற்காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரையில் நின்றேன். தலையில் துவாய், முகத்தின் பாதியை மறைத்து. கந்தோருக்கு வந்து போகிற ஆட்கள் யாராவது கண்டுவிட்டால் என்ற பயம். பெரிய புத்திசாலித்தனம்தான், அங்கே எல்லாரும் ஒட்டிய வயிற்றோடு நிற்க என் வண்டிவயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது.

வலை இழுப்பை முன்னின்று நடத்துகிறவரை மண்டாடி என்பார்கள். அந்தக் கரையின் மண்டாடி மெலிந்து உயர்ந்த மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. வலையும் வள்ளமும் அவருடையதல்ல, முதலாளியான சம்மாட்டியுடையவை. மண்டாடி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றில் ஒரு இடம் காட்டினார்.

இழுத்தேன். இரண்டு நிமிடத்தில் உள்ளங்கை எரிந்தது. ஐந்து நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. ஓரிடத்தில் கால் வழுக்கி, கயிற்றைப் பிடித்தபடியே கடலை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனேன்.

"சேர்," என்றார் மண்டாடி மிக மரியாதையாக, "நாங்கள்தான் கயிற்றை இழுக்கிறது. கயிறு எங்களை இழுக்கிறதில்லை."

கயிறு முழுவதும் சிரித்தது. அவமானம்தான். ஆனால் கடைசியில் வலையின் மடி கரைக்கு வந்து, உள்ளே வெள்ளியாகத் துள்ளியதைப் பார்த்தபோது எனக்கே நான்தான் பிடித்தேன் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. பாரையும் சீலாவும் நேரே ஐஸ் போட்ட பெட்டிகளுக்குப் போயின. பெட்டிகளுக்குப் பக்கத்தில் கூலர் இரைந்துகொண்டு நின்றது. நிறுக்கத் தொடங்குமுன் மண்டாடி ஒரு ஓலைக் கடகம் நிறையச் சின்ன மீனை அள்ளி ஒதுக்கினார். அதுதான் கறி. ஈரமணலில் அதைக் குவியல் குவியலாகப் பங்கு வைத்தார்கள். ஒரு குவியல் எனக்கு. சூடையும் காரலும் நாலைந்து கீரியும்.

வீட்டில் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "களவெடுத்தனீங்களோ?" என்று கேட்டாள். கொப்புளம் போட்ட கையைக் காட்டினேன். அவள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பூசினாள். அன்று மத்தியானம் தின்ற சூடைமீன் குழம்பைப்போல் நான் முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. முள்ளைக்கூட விடவில்லை.

அதன் பிறகு நான் கடற்கரை மனிதனாகிவிட்டேன். வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போவதால் வலை இல்லை. மிச்சம் ஐந்து நாள். கந்தோர் தொடங்க முன்னம் ஒரு இழுப்பு, கிழமைக்கு நாலு முறையாவது. மெல்ல மெல்லத் தந்திரமும் படித்தேன். கயிறு மிக நீளம், ஆனால் பங்கு வைக்கும்போது எவ்வளவு தூரம் இழுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே மடி கரைக்குக் கிட்ட வருகிற நேரம் பார்த்து மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து, கடைசி முப்பது முழத்தில் மற்ற எல்லாரையும்விடப் பெலத்துச் சத்தம் போடுவேன். மண்டாடிக்கு இது தெரியாமலா இருக்கும்? ஒருநாள் மட்டும், "சேரின்ர மணிக்கூடு நல்ல மணிக்கூடு," என்றார். அவ்வளவுதான்.

ஒருநாள் இளைப்பாறும்போது அவரிடம் என் கதையைச் சொன்னேன். சீனி, மூன்று மாதத் தவணை, ஊசி, அப்பாவின் கால். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இடையில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பங்கு வைத்தபோது தன் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி என் பைக்குள் போட்டார். "சின்ன மீன் சீனிக்கு நல்லமாம்," என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே போட்டார், நானும் ஒவ்வொரு நாளும் பையை விரித்துப் பிடித்தேன்.

என் வயிறு வற்றத் தொடங்கியது. கந்தோரில் விசாரணை வந்தது. சீனி இல்லாத அரசாங்க உத்தியோகத்தர் யாரையும் நான் இதுவரை கண்டதில்லை, ஆகவே விசாரித்தவர்கள் எல்லாரும் சொந்தக் காரணத்தோடுதான் விசாரித்தார்கள். இரகசியத்தை வைத்திருக்கத்தான் பார்த்தேன். ஆனால் பெருமை என்று ஒன்று இருக்கிறதே. தை பிறக்கும்போது எங்கள் கந்தோரிலிருந்து ஆறு பேர் கயிற்றில் நின்றோம். கணக்குக் கிளையிலிருந்து வந்தவர் தோட்ட வேலைக்கான கையுறை போட்டிருந்தார். இன்னொருவர் காரில் வந்து, மீனுக்கென்று மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியை இறக்கினார்.

மண்டாடி எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "சேர், இண்டைக்குக் கந்தோரைத் திறக்க ஆள் இருக்கோ?" என்று கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். மணலில் குவியல்கள் வரவரச் சிறுத்துக்கொண்டு போயின. எனக்குக் காரணம் உடனே விளங்கியது. இந்திய றோலர்ப் படகுகள்! இரவில் வந்து அடியோடு அரித்துக்கொண்டு போகிறார்கள், கரைக்கு எங்கே மீன் வரும்? இதைக் கந்தோரில் தேத்தண்ணி நேரத்தில் விளக்கமாகச் சொன்னேன். கடல்வளம், எல்லை, இரண்டு அரசாங்கங்களின் கையாலாகாத்தனம், எல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வாளிக்காரர், "ஒரு மகஜர் எழுதவேணும்," என்றார். கூலரில் ஏறுகிற பெட்டிகளின் எண்ணிக்கை குறையவேயில்லை என்பது எங்கள் ஆறு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நாங்கள் எல்லாரும் படித்தவர்கள்.

மூன்றாம் மாதக் கிளினிக். கேதீச்சரத்தானைக் கூப்பிட்டு இரத்தம் கொடுத்தேன். டொக்டர் பிள்ளை கொப்பியைப் பார்த்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்தார்.

"நூத்தி இருபத்தாறு! என்ன செஞ்சீங்க?"

"மீன் திண்டனான், டொக்டர். பச்சைமீன். நானே பிடிச்சது," என்றேன். மனைவி செருமினாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டொக்டர் கதவைத் திறந்து வெளியே வாங்குகளில் காத்திருந்த சனத்துக்கெல்லாம் என்னைக் காட்டினார். "பாருங்க, இவர் மாதிரி இருக்கணும்," என்றார். நான் கலியாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மண்டாடியின் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது. மீன்காரர் வீட்டுக்கு மீனா கொண்டுபோவது? வழக்கமாக எல்லாரும் எந்த வீட்டுக்கும் கொண்டுபோகிறதையே நானும் வாங்கினேன். பெரிய பிஸ்கட் ரின் ஒன்று, மோல்ற் மா இரண்டு பெட்டி. செலோபன் தாள் சுற்றி, சிவப்பு றிபன் கட்டித் தந்தார்கள்.

பூசை முடிந்து வந்திருந்தார்கள். மண்டாடி வெள்ளைச் சேட்டோடு ஆள் மாறியிருந்தார். அவர் மனைவி என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், உருண்டை முகம், பேச்சில் துடுக்கு. "வாங்கோ சேர், இருங்கோ," என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். பிஸ்கட் ரின்னை வாங்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தார். சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள்.

கோப்பையில் வெள்ளைச் சோறு. ரின்மீன் குழம்பு. சொசேஜ் பொரியல். அவித்த முட்டை பாதியாக வெட்டி அழகாக அடுக்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடற்கரையில ரின்மீனோ, தங்கச்சி?" என்றேன். "வயலுக்கு நடுவில கடையரிசி தின்னிற என்ர அண்ணையை வெண்டிட்டியள்."

"சேர் வந்திருக்கிறியள் எண்டுதான் முட்டை. மற்றது எங்கட நாளாந்தச் சாப்பாடுதான்," என்றார் அவர். "கிழமைக்கு ரெண்டு ரின் உடைப்பம். பின்னேரத்தில நூடில்ஸ். இந்த வீட்டில பச்சைமீன் குழம்பு மணந்து கனநாள்."

"ஏன், இவர் மண்டாடியெல்லோ?"

"மண்டாடி எண்டா கடலை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வாறதோ? பெட்டிக்குள்ள போறது சம்மாட்டியின்ரை. அதில ஒரு செதில்கூட எங்களுக்கில்லை. எங்களுக்குச் சட்டிக்கு வாறது அந்தக் கறிக் கடகம் ஒண்டுதான். அதையும் கயிறு பிடிச்ச எல்லாருக்கும் பங்கு வைக்கவேணும். கை கூடினா கடகம் பெருக்குமோ, சேர்? கந்தோர் ஆக்கள் வரத் துவங்கின பிறகு இவர் கொண்டுவாறது பூனைக்குத்தான் காணும். அதிலயும் ரெண்டு கை உங்களுக்குப் போகுது."

"சும்மா இரப்பா," என்றார் மண்டாடி.

"நான் குறையாச் சொல்லேல்லையே. சேரின்ர சீனி இறங்கினது எங்கட சட்டியாலதான் எண்டு எனக்கொரு பெருமை."

என் கையிலிருந்த கவளம் கோப்பைக்கே திரும்பிப் போனது. றோலரைத் திட்டிய அதே வாய்க்குள்தான் இவர்களின் மீன் போயிருந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், தலைமயிர் வரைக்கும் சுட்டது. சீனி இறங்கினது என்கிறாரே, இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். கேட்டேன்.

"எனக்கும் அதே கிளினிக்தான், சேர். அதே டொக்டர் பிள்ளைதான்." குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்த கொப்பியை எடுத்துத் தந்தார். என் கொப்பியில் எழுதிய அதே கையெழுத்து. சிவப்பரிசி, பச்சைமீன், இலைக்கறி. பக்கத்தில் மாதாமாதம் இலக்கம். அது ஏறிக்கொண்டு போயிருந்தது. "போன புதன்கிழமை எனக்கு நல்ல பேச்சு. ஒரு சேர் மூண்டு மாசம் மீன் திண்டே இறக்கிப்போட்டாராம், கடற்கரையிலயே இருக்கிற எனக்கு என்ன கேடாம். ஆரெண்டு உடனே பிடிச்சிட்டன். சிரிச்சுப்போட்டு வந்திட்டன், வேற என்ன செய்யிறது?"

மண்டாடியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கதையைச் சொன்ன அன்று இந்த மனிதன் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"நாளையிலிருந்து நான் வந்து இழுத்துத் தாறன். கறி எனக்கு வேண்டாம்," என்றேன்.

"அது சரிவராது, சேர். கயிற்றில கை வைச்சவன் வெறுங்கையோட போனா வலைக்கு ஆகாது. நீங்கள் வேண்டாமெண்டாலும் நான் தரத்தான் வேணும்."

"அப்ப நான் வரேல்லை. மற்றவையளையும் மறிக்கிறன்."

மண்டாடி "வாங்கோ" என்று சொல்லவில்லை. "வரவேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி எனக்கு இன்னும் ஒரு துண்டு ரின்மீன் வைத்தார். வேண்டாம் என்று கையை மறிக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. சந்தையில் கிடந்த விளைமீனின் விலையும், என் பெருவிரல்களும், அடுத்த கிளினிக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தின்றேன்.

"சேர்," என்றார் மண்டாடியின் மனைவி கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. துடுக்கெல்லாம் போய்விட்டிருந்தது. "செவ்வாய்க்கிழமை வந்து ஊசி போடப் பழகச் சொல்லியிருக்கினம். வயித்திலயாம். நீங்கள் படிச்ச ஆள். அது நோகுமோ?"

"தெரியாது, தங்கச்சி. எனக்கு இன்னும் போடேல்லை," என்றேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும்போல் இருந்தது. "எனக்குப் போட்டவுடன வந்து சொல்லுறன்."

"இல்லை, சேர். எனக்குத்தானே முந்திப் போடப்போகினம்," என்றார். "நான் வந்து சொல்லுறன்."